பின் சீட்டில் இரண்டு தட்டு

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேய்ப் படம் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவர் பயந்து என் கையைப் பிடித்தால் எனக்குச் சிரிப்பு வரும். கரண்ட் போனால் வீட்டில் முதலில் எழுந்து மெழுகுவர்த்தி தேடுகிற ஆள் நான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகலில் ஆரம்பித்து, விளக்கு போடுகிற நேரத்தில் முடிந்தது. முடிந்தது என்று நான் நினைத்தேன்.

எங்களிடம் ஒரு வேன் இருக்கிறது. பதினெட்டு சீட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருநாள் சுற்றுலா நடத்துகிறோம். காலையில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு இடத்தைக் காட்டிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரவர் வீட்டில் கொண்டுவந்து விடவேண்டும். என் வீட்டுக்காரர் ஓட்டுவார், மைக்கில் பேசுவார். போனில் சீட்டுப் பதிவு செய்வது, சாப்பாட்டுக்குச் சொல்வது, சண்டைக்கு வருகிறவர்களோடு சண்டை போடுவது எல்லாம் நான்.

போய்ப் பார்க்காத இடத்தை நாங்கள் விற்கமாட்டோம். வேலை நாளாகப் பார்த்து இரண்டு பேர் மட்டும் வேனில் போவோம். அதற்கு ஒத்திகை என்று பெயர். அவர் காலிச் சீட்டுகளுக்கு மைக்கில் கதை சொல்லிக்கொண்டே ஓட்டுவார். நான் பின் வரிசையில் கடைசி சீட்டில் உட்காருவேன். வாந்தி எடுக்கிறவர்களும் குறை சொல்கிறவர்களும் அங்கேதான் போய்ச் சேருவார்கள், குலுக்கல் எவ்வளவு என்று தெரிய வேண்டுமே. கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, முட்டி வலிக்காரர்கள் எவ்வளவு ஏறவேண்டும் என்று பார்த்து, கடைசியில் நான் "ஆகும்" என்றால் அந்த இடம் உண்டு. "ஆகாது" என்றால் இல்லை. எங்கள் வீட்டில் என் பேச்சு எடுபடுகிற ஒரே விஷயம் அதுதான்.

கிளம்புவதற்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். அவர் மைக்கில் "எல்லாரும் வந்தாச்சா?" என்பார். நான் ஜன்னலுக்குக் கீழே இருக்கிற தகரத்தில் விரல் மூட்டால் இரண்டு தட்டு தட்டுவேன். டக்… டக். வண்டி நகரும். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியிலும் பார்க்க முடியாது. அதைக் கூரைப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன்.

ஏன் திருப்பினேன் என்று சொல்கிறேன். எங்கள் வேனுக்கு ஒருத்தி வாடிக்கை. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவள், கல்யாணம் ஆகாதவள். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முதல் ஜன்னல் சீட்டுதான் வேண்டும் அவளுக்கு. அது இல்லை என்றால், "பரவாயில்ல, அடுத்த வாரம் வரேன்" என்பாள். அதனால் ஜன்னல் டீச்சர் என்று பெயர் வைத்தேன். என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஜோக்குகளுக்கெல்லாம் இன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறவள் மாதிரி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு அந்தக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்ப்பாள். அவரும் பார்ப்பார். கடைசி சீட்டிலிருந்து நான் இரண்டு பேரையும் பார்ப்பேன்.

வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? வீட்டில் அந்த மனுஷன் என்னோடு பேசுவது "சாவி எங்க", "விளக்கை அணை", அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் என்னோடும் விடிய விடியப் பேசினவர்தான். நான் குறுக்கே பேசுகிறேனாம். எதையும் முடிக்க விடுவதில்லையாம். எப்போதோ நிறுத்திக்கொண்டார். என் பங்குப் பேச்சையெல்லாம் மைக்கில் ஊருக்கே வாரி வழங்குகிறார், அதில் பெரிய அள்ளு இந்த டீச்சருக்குப் போகிறது. ஒருநாள் எட்டி அந்தக் கண்ணாடியைத் திருப்பினேன். "வெயில் கூசுது" என்றேன். பக்கக் கண்ணாடி போதும் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்கவே இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

இதெல்லாம் நடந்த மடாலயத்தைப் பற்றி எங்களுக்குச் சொன்னதும் அவள்தான்.

போனில் படம் காட்டினாள். மலைச்சரிவில் வெள்ளைச் சுவர்கள், கீழே ஒரு குளம், குளத்தில் அந்தச் சுவர்களின் நிழல். ஒரு காலத்தில் துறவிப் பெண்கள் இருந்த இடமாம். நீங்கள் அங்கே கூட்டிப்போனால் ஊரே வரும் என்றாள். "நீங்கள்" என்று அவள் சொன்னது எங்கள் இரண்டு பேரையும் இல்லை. என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துபோனது. அந்த நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன். ஆகாது. போய்ப் பார்ப்பதெல்லாம் சும்மா ஒப்புக்கு.

ஒரு புதன்கிழமை கிளம்பினோம். மலைக் காற்று குளிரும் என்று நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டேன். வழக்கமாக ஒத்திகையில் எங்களுக்குள் ஒரு கூத்து உண்டு. அவர் மைக்கில் பேச, நான் பின்னாலிருந்து "சார், ஏசி வரல", "சார், என் பையன் கீழ விழுந்துட்டான்" என்று கத்துவேன். அவர் பணிவாகப் பதில் சொல்வார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பது வருஷத்தில் அந்த நாலைந்து நாட்கள்தான். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அவர் இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தார், என் குரல் வரும் என்று. பிறகு, "டீச்சர் சொன்னது சரிதான், பாதையே அழகா இருக்கு" என்றார், மைக்கில்.

இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

போய் இறங்கியதும் எனக்கு அழுகை வரும் போல ஆகிவிட்டது. அவ்வளவு அழகு. சுவரெல்லாம் வெயிலில் பால் மாதிரி வெளுப்பு, குளத்துத் தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. அகலமான, தாழ்வான படிகள், எந்த முட்டியும் ஏறும். நடந்த வழியெல்லாம் மரநிழல். கழிப்பறை நுழைவாயில் பக்கத்திலேயே இருந்தது, சுத்தமாக, தண்ணீரோடு. குறை சொல்ல ஒரு துரும்பு கிடைக்கவில்லை. அவள் சொன்ன இடம் இப்படியா இருக்கவேண்டும்?

டிக்கெட் கொடுக்கிற பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. ஐந்து மணிக்கு மணி அடித்துப் பூட்டிவிடுவோம் என்றாள். ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு எங்களைக் கூட்டிப்போய் மேல்தளத்து அறைகளைக் காட்டினாள். வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒருத்திக்கு ஒரு அறை. ஒவ்வொரு அறையிலும் பக்கத்துச் சுவரில், படுக்கைத் திண்டுக்கு மேலே, ஒரு சின்னக் குழி. கல்லில் யாரோ கட்டைவிரலை அழுத்தியது போல வழவழவென்று.

"பேச மாட்டாங்க" என்றாள் டிக்கெட் பெண், மனப்பாடமாக. "வாயே திறக்கக் கூடாது, அதான் விரதம். பக்கத்து அறைக்கு 'நான் இருக்கேன்'னு சொல்ல சுவத்துல ரெண்டு தட்டு. அந்தப் பக்கத்துலேர்ந்து ரெண்டு தட்டு வரும். அவ்ளோதான் பேச்சு. தட்டித் தட்டித்தான் கல்லு இப்படித் தேஞ்சுபோச்சு."

என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம தட்டு!" என்றார். விரல் மூட்டை அந்தக் குழியில் வைத்துத் தட்டிப் பார்த்தார். டக்… டக். டிக்கெட் பெண் கீழே போய்விட்டாள். நான் இன்னொரு தடவை கழிப்பறையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன். இரண்டாவது தடவை பார்த்தாலாவது ஏதாவது குறை கிடைக்காதா என்ற ஆசைதான்.

கால்மணி நேரம் கழித்து மேலே வந்தேன். அவர் அதே அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லாத் தட்டினியே" என்றார்.

"என்ன தட்டினேன்?"

"அந்தப் பக்கத்திலிருந்து. நான் தட்டத் தட்ட நீயும் தட்டினியே."

நான் கழிப்பறைக்குப் போய்விட்டு இப்போதுதான் வருகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். இதே இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். எனக்குப் பயம் வரவில்லை. எனக்கு வந்தது வேறு. அவள் இங்கே வந்திருக்கிறாள். டீச்சர். புதன்கிழமை வரப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். ரகசியமாக வந்து பக்கத்து அறையில் உட்கார்ந்து தட்டியிருக்கிறாள். இவர் அதை என் தலையில் கட்டுகிறார்.

பக்கத்து அறைக்குப் போனேன். யாரும் இல்லை. தரையில் மாவு மாதிரி தூசி. அதில் ஒரு கால்தடம்கூட இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அதற்கப்புறம் கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். அவர் மேல்தளத்துத் தாழ்வாரத்தில் நடந்து, எங்கே நின்று என்ன சொல்லலாம் என்று பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு, நான் கீழே முற்றத்தில் நின்றுகொண்டேன். மேலே தூண்கள். தூண்களுக்கு நடுவே அவர் தெரிந்தார், மறைந்தார், தெரிந்தார். கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே போனார். ஒத்திகைதானே என்று நினைத்தேன்.

பிறகுதான் பார்த்தேன். அவர் பேச்சு முன்பக்கம் போகவில்லை. பக்கவாட்டில் போனது. தோள் உயரத்துக்குத் தலையைச் சாய்த்து, பக்கத்தில் வருகிறவளிடம் பேசுவது போல.

அடுத்த தூண் இடைவெளியில் அவளும் தெரிந்தாள்.

முகம் தெரியவில்லை. தூண் மறைத்தது. தோள் தெரிந்தது, தோளில் நீலத் துணி தெரிந்தது. என் சால்வையின் அதே நீலம். 'எனக்குப் போட்டியாக நீலம் வேறு போர்த்திக்கொண்டாளா' என்று உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. படிகளில் ஓடினேன். மூச்சு வாங்க மேலே போய் நின்றால், அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். என்னை முன்னால் பார்த்ததும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார், பிறகு மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீ எப்படி இந்தப் பக்கமா வந்தே?" என்றார். "என்கூடத்தானே வந்துட்டிருந்தே?"

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள் என்று நினைத்தேன். ஒரு வினாடியில் எப்படிப் பொய் சொல்கிறார்.

அங்கேயே வெடித்தேன். இந்த இடம் ஆகாது என்றேன். கழிப்பறை தூரம் என்றேன். நிழல் இல்லை என்றேன். அவர் சுற்றிலும் இருந்த மரங்களைப் பார்த்தார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார். "நீ இடத்தைப் பார்க்க வரல. எதையாவது பிடிக்கணும்னு வந்திருக்கே. நான் ஒரு வார்த்தை சொல்ல வந்தா உன் பத்து வார்த்தை முன்னாடி நிக்குது. எனக்கு அலுத்துப்போச்சு."

நீங்கள் வேனுக்குப் போய் உட்காருங்கள், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் நடந்தேன். எனக்கு இரண்டு எண்ணம். ஒன்று, நான் இல்லை என்றால் அவள் வெளியே வருவாள், கையும் களவுமாகப் பிடிக்கலாம். இன்னொன்று, என்னைக் காணோம் என்று இவர் தேடுவாரா என்று பார்க்கவேண்டும். தேடட்டும். நாலு இடத்தில் கூப்பிட்டுப் பார்க்கட்டும். குளத்தின் தாழ்வான சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அங்கிருந்து வேன் நன்றாகத் தெரிந்தது. பின்கதவு மட்டும் அந்தப் பக்கம்.

அவர் வேனில் ஏறினார். காத்திருந்தார்.

ஐந்து மணி. மடாலயத்து மணி அடித்தது.

மணிச்சத்தம் அடங்கியதும் வேனிலிருந்து மைக் கரகரத்தது. அவர் குரல். கோபம் தணிந்த குரல். சமாதானத்துக்கு வருகிற குரல் எனக்குத் தெரியாதா? "எல்லாரும் வந்தாச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் பாதி இறங்கிவிட்டது. சரி, போதும் என்று எழுந்தேன்.

அப்போது கேட்டது.

டக்… டக்.

தகரத்தில். பின் சீட்டில். நான் தட்டுகிற மாதிரியே, நடுவில் அதே அளவு இடைவெளி விட்டு.

வேன் நகர்ந்தது.

"என்னங்க!" என்று கத்தினேன். ஓடினேன். வேன் வளைவில் திரும்பியது. பின் கண்ணாடியில் வெயில் பட்டு எதிரொளித்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஏதோ நீலமாக இருந்தது. அவ்வளவுதான் பார்த்தேன்.

என் போன், கைப்பை எல்லாம் அந்தச் சீட்டில் இருந்தன.

டிக்கெட் பெண் ஸ்கூட்டரில் சாவியைப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். காதிலிருந்த இரண்டு ஒயரும் தானாகக் கழன்று விழுந்தன. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க… போயிட்டீங்களே" என்றாள்.

"நான் எங்க போனேன்?"

"இப்பத்தானே பின்கதவைத் திறந்து ஏறினீங்க. நான் பார்த்தேனே. இதே சால்வை."

அவளிடம் கையை நீட்டினேன். பிறகு அவள் போனை வாங்கி என் வீட்டுக்காரருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டார், அதுவும் நான் போட்ட சட்டம்தான். பிறகு என் எண்ணுக்கே அடித்தேன். பையில் கிடந்து அடித்தால் சத்தம் கேட்டாவது நிறுத்துவார்.

ஒரு தடவை அடித்தது. இரண்டு தடவை.

எடுக்கப்பட்டது.

யாரும் பேசவில்லை. வேன் ஓடுகிற இரைச்சல். அதற்குள், தூரத்தில், என் வீட்டுக்காரர் குரல். மைக்கில் பேசுகிற குரல் இல்லை. கல்யாணமான புதிதில் எனக்கு மட்டும் பேசின குரல். தாழ்வாக, நிதானமாக, மனசைத் திறந்து… என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. நடுவில் ஒரு தடவை தழுதழுத்தது. பிறகு சிரித்தார்.

"யாரு?" என்றேன். "யாருடீ நீ?"

போனுக்கு வெகு பக்கத்தில்…

டக்… டக்.

லைன் அறுந்தது.

டிக்கெட் பெண்ணும் கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் அதற்குமேல் நிற்கவில்லை. கீழே ஊர் வரை கொண்டுபோய் விடுகிறேன், வாங்க என்று கெஞ்சினாள். நான் மறுத்தேன். இருட்டினால் இங்கே யாரும் இருக்கமாட்டோம் என்றாள். அவர் என்னைத் தேடி இங்கேதான் திரும்பி வருவார், இங்கேதான் இருப்பேன் என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் பிடிவாதம்தான். வந்தே ஆகவேண்டும் அவர்.

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து மறைந்தது.

வாசலில் ஒரே ஒரு விளக்கு. அதன் கீழே உட்கார்ந்தேன். சால்வையை இறுக்கிக்கொண்டேன். குளத்தில் வெள்ளைச் சுவரின் நிழல் சாம்பலாகி, பிறகு இல்லாமல் போனது.

மேலே எங்கோ…

டக்… டக்.

கல்லில்.

அமைதி. பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி அமைதி.

மறுபடி. டக்… டக்.

அடுத்த அறையில். இன்னும் கொஞ்சம் பக்கத்தில்.

என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. விரல் மடங்கியது. பக்கத்தில் இருந்த கல்லை நோக்கிப் போனது. அவ்வளவு தனிமையாக இருந்தது எனக்கு. நான் இருக்கிறேன் என்று யாருக்காவது சொல்லவேண்டும் போல…

கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

டக்… டக்.

கீழ்த்தளம்.

டக்… டக்.

வாசல் சுவருக்கு அந்தப் பக்கம்.

வேன் விளக்கு வளைவில் திரும்பி என் முகத்தில் அடித்தது.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். முகம் வெளிறியிருந்தது. என்னைத் தொட்டுப் பார்த்தார், தோளை, கன்னத்தை, நான் இருக்கிறேனா என்று பார்க்கிறவர் மாதிரி. மலைக்குக் கீழே டீக்கடையில் நிறுத்தினாராம். இரண்டு டீ வாங்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தாராம். பை இருந்தது. ஆள் இல்லை.

"நீ வரலைன்னு எப்படி எனக்குத் தெரியாமப் போச்சு?" என்றார் திரும்பத் திரும்ப. "பேசிட்டே வந்தேனே. நீ தட்டித் தட்டிக் கேட்டுட்டே வந்தியே."

"என்ன பேசினீங்க?"

அவர் ஏறி வேனைத் திருப்பினார். நான் விடவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், முன் சீட்டில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன். கடைசியில் சொன்னார். "சண்டை போட்டோமா, மனசு கேக்கல. ரொம்ப வருஷமா உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சதையெல்லாம் சொன்னேன். நீ குறுக்க ஒரு வார்த்தை பேசல. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு."

"இப்ப சொல்லுங்க. எனக்குச் சொல்லுங்க. குறுக்க பேச மாட்டேன்."

ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லியாச்சு" என்றார். "மறுபடி வரல."

பேய் என்றால் ஆளை அடிக்கும், ரத்தம் குடிக்கும் என்கிறார்கள். எனக்கு அதெல்லாம் நடக்கவில்லை. எனக்கு வரவேண்டியதை அவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் பயமே இல்லை. கிடைத்தால் தலைமயிரைப் பிடித்து இழுத்திருப்பேன்.

மறுநாள் காலையில் அந்த நீலச் சால்வையை வீட்டுக்குப் பின்னால் போட்டு எரித்தேன். சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். அந்த இடம் ஆகாது என்று சொன்னேன். காரணம் அவருக்கே தெரியும், விளக்க வேண்டாம் என்று நினைத்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக, நான் "ஆகாது" என்ற இடத்தை அவர் பட்டியலில் போட்டார்.

டீச்சர் சொன்னது சரிதான். ஊரே வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று இருந்தது, வாராவாரம் ஆனது. நான் போவதில்லை. நீ வரவேண்டாம், வீட்டில் இரு என்று அவரே சொல்லிவிட்டார். பின் வரிசையில் கடைசி சீட்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதே, ஸ்பிரிங் போய்விட்டது என்றார். சரி என்றேன். அவர் குளிக்கப் போனபோது வேனுக்குப் போய், பின்கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தேன். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே தகரத்தில் ஒரு குழி இருந்தது. வழவழவென்று, பெயிண்ட் தேய்ந்து. அதில் என் விரல் மூட்டை வைத்துப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. அது என் விரலைவிட மெல்லிய விரல்.

முன்பக்கம் போய் உள் கண்ணாடியைக் கீழே திருப்பி வைத்தேன். அவர் பார்க்கட்டும். யாரோடு பேசுகிறார் என்று ஒருநாளாவது பார்க்கட்டும். அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் திருப்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, எட்டு மணி இருக்கும். பதிவு போன் அடித்தது. ஜன்னல் டீச்சர். இப்போதுதான் அவளை அவள் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனாராம். இனிமேல் வரமாட்டேன், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். குரல் உடைந்திருந்தது.

ஏன் என்று கேட்டேன்.

"முன்ன மாதிரி இல்ல உங்க வீட்டுக்காரர்" என்றாள். "மைக்கையே தொடறதில்ல. ஜோக்கு இல்ல. நாங்க யாரும் அவர் கண்ணுக்குத் தெரியறதில்ல. போற வழி, வர்ற வழி பூரா உங்ககிட்டயே பேசிட்டு வர்றார்."

"என்கிட்டயா?"

"பின்ன வேற யார்கிட்ட? நீங்களும் ஒரு தடவையாவது எங்க பக்கம் திரும்பி ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா? ஜன்னல் பக்கமே முகத்தை வெச்சுக்கிட்டு, எப்பப் பார்த்தாலும் அதே நீலச் சால்வையைப் போர்த்திக்கிட்டு…" மூக்கை உறிஞ்சினாள். "உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு. அதான் நிஜம்."

அது நான் இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு இன்னொருத்தி இருக்கிறாள் என்று இவளிடமா சொல்வேன்?

"ஆமா டீச்சர்" என்றேன். "அவர் வாங்கிக்கொடுத்த சால்வை. விட மனசு வரல."

போனை வைத்தபோது வாசலில் வேன் வந்து நின்றது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். அவர் இறங்கினார். நேராக வீட்டுக்குள் வரவில்லை. பின்னால் போனார். பின்கதவைத் திறந்தார். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டிக்கொண்டு, ஒருத்தி இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார்.

பிறகு மெதுவாகச் சாத்தினார்.

இத்தனை நாளும் அவளை மடாலயத்திலேயே இறக்கிவிட்டு வருகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.